நாலு பேர் சுற்றி நின்று வாசிக்கிற மின்னிசை மேசை: கேமராவா, காந்தமா?

செம்பனை_மேடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டேவானில் (பொது மண்டபத்தில்) சனிக்கிழமை தோறும் உறுமி, தப்பு மேள வகுப்பு நடக்கிறது. 9 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளைகள். அவர்களுக்காக, ஒரே நேரத்தில் நாலு பேர் சுற்றி நின்று வாசிக்கிற மாதிரி ஒரு மின்னிசை மேசை செய்யத் திட்டம். திரை, மௌஸ் எதுவும் வேண்டாம். கையால் எடுத்து வைக்கிற பொருள், தட்டுகிற பலகை, தேய்க்கிற பட்டை, இப்படி இருக்க வேண்டும்.

கையில் இருப்பவை: லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்று, மேக்கர் ஊனோ (சென்சார்களைப் படிக்கிற சின்ன மின்னணுப் பலகை) இரண்டு, சால்டரிங் தெரிந்த இரண்டு பேர். செலவுக்கு 500 ரிங்கிட். டேவான் மூன்று பக்கமும் திறந்தது, தகரக் கூரை. வகுப்பு பிற்பகலில்.

கேள்விகள்: (1) ரியாக்டேபிள் என்ற மின்னிசை மேசை மாதிரி கேமரா வைத்துச் செய்வதா, வேறு வழியா? (2) தட்டியதும் சத்தம் வர எவ்வளவு தாமதம் வரை சரி? (3) உறுமியில் தேய்க்கும்போது வரும் அந்த இழுவைச் சத்தத்தை எப்படிக் கொண்டு வருவது? (4) நாலு பேரில் ஒருவனே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேசையிலேயே ஏதாவது செய்ய முடியுமா? நாலாவதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஈயப்பற்று:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். அந்த டேவானுக்குக் கேமரா வேண்டாம், காந்தம் போடுங்கள்.

பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2003 வாக்கில் தொடங்கியது ரியாக்டேபிள். அதில் மேசையின் மேல்பலகை ஒளி ஊடுருவும். கீழே அகச்சிவப்பு விளக்கும், அந்த ஒளியைப் பார்க்கிற கேமராவும் இருக்கும். ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஒட்டிய கருப்பு வெள்ளைக் குறியை ரியாக்டிவிஷன் என்ற மென்பொருள் படித்து, எந்தப் பொருள், எங்கே, எந்தக் கோணத்தில் என்று சொல்லும். அருமையான முறைதான். ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். மூன்று பக்கம் திறந்த டேவானில் பிற்பகல் மூன்று மணிக்கு மேசை மேல் சாய்வெயில் விழுந்தால் கேமராவுக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

காந்த முறை இப்படி. 49ஈ என்ற ஹால் சென்சார், அதாவது காந்தத்தை உணர்கிற சென்சார், வாங்குங்கள். மூன்று கால்தான்: 5 வோல்ட், கிரவுண்ட், வெளியீடு. காந்தம் இல்லாதபோது வெளியீடு 2.5 வோல்ட் பக்கம் நிற்கும். வடமுனை வந்தால் ஒரு பக்கம் நகரும், தென்முனை வந்தால் மறுபக்கம். ஆகவே ஒரே சென்சார் 'காலி, வடக்கு, தெற்கு' என்று மூன்று நிலை சொல்லும். டிஜிட்டல் ஹால் சென்சார் வாங்கிவிடாதீர்கள், அது இருக்கு, இல்லை என்று மட்டும்தான் சொல்லும்.

மேல்பலகைக்கு 9 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை). அதில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி குடையுங்கள். அலமாரிக் கீல் பொருத்த 35 மில்லிமீட்டர் துளைபிட் ஒன்று ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அளவு அச்சாகப் பொருந்தும். பல்லாங்குழி மாதிரி குழிந்திருந்தால், பிள்ளைகள் எடுத்து வைக்கிற காந்த வில்லை தானாகவே நடுவில் உட்காரும், அடிபட்டாலும் நகராது. ஒவ்வொருவருக்கும் 8 குழி, வட்டமாக, நடுவிலிருந்து நடுவுக்கு 55 மில்லிமீட்டர். ஒரு குழி தாளத்தின் ஒரு எண்ணிக்கை. தாளம் குழி குழியாகச் சுற்றி வரும், வில்லை இருக்கிற குழிக்கு வரும்போது சத்தம் வரும். அப்படியானால் குழிகளின் வெளிவிளிம்பு வரை வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரும். நாலு பேருக்கு 32 குழி, 32 சென்சார். சென்சாரைக் குழிக்கு நேர் கீழே, எல்லாவற்றையும் ஒரே முகமாக ஒட்ட வேண்டும். ஒன்றைத் திருப்பி ஒட்டினால் அந்தக் குழியில் மட்டும் வடக்கு தெற்காகிவிடும்.

வில்லைக்கு 33 மில்லிமீட்டர் மரத் துண்டு. அடியில் 10 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோடிமியம் காந்தம். மிச்சமிருக்கும் 6 மில்லிமீட்டர் பலகை வழியாக 0.6, 0.7 வோல்ட் மாற்றம் கிடைக்கும். ஊனோ வோல்ட்டைப் படி படியாக எண்ணும், அந்தக் கணக்கில் 120 படிக்கு மேல். 40 படி தாண்டினால் 'வில்லை இருக்கிறது', 25-க்குக் கீழே வந்தால் 'எடுத்துவிட்டார்கள்' என்று இரண்டு எல்லை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் விளிம்பில் நிற்கும் வில்லை படபடவென்று வந்து போகும். பக்கத்துக் குழியின் காந்தம் 55 மில்லிமீட்டரில் ஒரு படிகூட நகர்த்தாது.

காந்தத்தை எப்பாக்ஸி ஊற்றி, மேலே மெல்லிய பலகை ஒட்டி முழுவதும் மூடிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டு நியோடிமியம் காந்தங்களை ஒரு பிள்ளை விழுங்கினால் அவை குடல் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். வகுப்புக்குத் தம்பி தங்கைகளும் கூட வருவார்கள் இல்லையா.

32 சென்சாரை ஊனோவுக்குக் கொண்டு வர 74எச்சி4067 என்ற 16 வழி மல்டிபிளெக்ஸர் (16 கம்பியை ஒவ்வொன்றாக ஒரே காலுக்குத் தருகிற சிப்) இரண்டு போதும். தேர்வுக் கம்பி நாலும் இரண்டுக்கும் பொது, வெளியீடு இரண்டு அனலாக் காலில். ஊனோவின் ஒரு அளவீட்டுக்கு 0.11 மில்லி செகண்டு. வழி மாற்றியதும் வரும் முதல் அளவீடு பழைய வழியின் எச்சமாக இருக்கலாம். அதை எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்தால் முழுச் சுற்றுக்கு 7 மில்லி செகண்டு. குழிக்கு இது தாராளம். வில்லை வைத்த உடனே சத்தம் வரப்போவதில்லை, தாளம் அந்தக் குழிக்கு வரும்போதுதானே வரும்.

சாமான்களை சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற சைத்ரான் என்ற மின்னணுக் கடையிலிருந்து தபாலில் எடுக்கலாம், இல்லாவிட்டால் கோலாலம்பூர் போகிறவர்களிடம் ஜாலான் பசாரில் வாங்கச் சொல்லலாம். 49ஈ மட்டும் 40 வாங்குங்கள், ஒட்டும்போது நாலைந்து கால் முறியும்.

மங்கிய_ஒளி:

ஈயப்பற்று அண்ணன் சொல்வது திறந்த டேவானுக்குச் சரி. ஆனால் கேமராவை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். காந்தத்தில் கோணம் தெரியாது. ஒரு பொருளைத் திருகினால் சத்தம் மாறுகிற இன்பம் கேமரா மேசையில்தான் உண்டு. பள்ளியில் சன்னல் மூடுகிற அறை கிடைத்தால் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்கு வந்த பழைய 'ஐ' கேமரா ஒன்று போதும். 640க்கு 480 அளவில் நொடிக்கு 60 படம் எடுக்கும். உள்ளே இருக்கிற அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியை மறைக்கிற வடிகட்டியைப் போட வேண்டும். 60 சென்டிமீட்டர் அகல மேசையில் 6 சென்டிமீட்டர் குறி 64 புள்ளி அகலம் வரும். குறி மிகவும் சிறியதானால் தவறத் தொடங்கும். நொடிக்கு 30 படம் எடுக்கிற சாதாரண வெப்கேம் என்றால் படத்துக்குப் படம் இடைவெளியே 33 மில்லி செகண்டு. தட்டி வாசிக்க அது உதவாது.

வளைகுச்சி:

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

தாமதத்துக்கு, கணினி இசை ஆய்வாளர்கள் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002-ல் வைத்த அளவு 10 மில்லி செகண்டு. தாளக் கருவிக்கு அதுவே நல்ல இலக்கு. தாமதத்தை விடக் கெடுதல் செய்வது அது ஏறி இறங்குவது. ஒரே மாதிரி 12 என்றால் கை பழகிக்கொள்ளும், ஒருமுறை 5 மறுமுறை 20 என்றால் பழகவே பழகாது.

மேசையைக் கட்டி முடித்துவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரில் மாட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கிற தவறு. அதிலேயே 100 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். கம்பி போட்ட ஸ்பீக்கர்தான் வேண்டும். அடுத்தது தூரம். சத்தம் ஒரு மீட்டர் வர 3 மில்லி செகண்டு எடுக்கும். டேவான் மேடையில் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் மேசையிலிருந்து 8 மீட்டர் என்றால் 23 மில்லி செகண்டு அங்கேயே போச்சு. கேட்கிற கூட்டத்துக்கு அது இருக்கட்டும், வாசிக்கிறவர்களுக்கு மேசைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். ஆனால் ஸ்பீக்கரில் பெரிய காந்தம் இருக்கிறது. ஹால் சென்சாரிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

தட்டும் பலகைக்கு 35 மில்லிமீட்டர் பியெஸோ தகடு (அதிர்வை மின்சாரமாக்குகிற தகடு), பக்கத்துக்கு ஒன்று. குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஊனோவுக்குப் போகிற வழியில் 10 கிலோ ஓம், அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5.1 வோல்ட் ஸீனர் டயோடு. ஓங்கி அடித்தால் பியெஸோ பல பத்து வோல்ட் தரும், ஸீனர் இல்லாவிட்டால் கால் எரியும். அடி பட்டதும் 2 மில்லி செகண்டு வரை உச்சத்தைத் தேடுங்கள், பிறகு 40 மில்லி செகண்டுக்கு அந்தப் பலகையைக் கவனிக்காதீர்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு அடி மூன்றாகக் கேட்கும். வேகமான உருட்டு விழுங்கப்பட்டால் 40-ஐ 30 ஆக்குங்கள். பலகைகளை மேசையில் நேரடியாகத் திருகாமல் ஈவிஏ ஃபோம் மேல் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் கேட்கிற தொல்லை பாதிக்கு மேல் அதிலேயே போகும்.

குழி படிக்கிற ஊனோவையே இதற்கும் வைக்காதீர்கள். அது 7 மில்லி செகண்டு சுற்றிவிட்டு வருவதற்குள் அடியின் உச்சம் கடந்திருக்கும். உங்களிடம் இரண்டு இருக்கிறதே, இரண்டாவதை அடிக்கு மட்டும் வையுங்கள். நாலு பியெஸோவையும் சுற்றிவர அரை மில்லி செகண்டுதான்.

மேக்கர் ஊனோவில் இருப்பது சிஎச்340 சிப், கணினிக்கு அது மிடி கருவியாக (கணினியோடு பேசுகிற மின்னிசைக் கருவியாக) தெரியாது, சீரியல் போர்ட்டாகத் தெரியும். அதற்காகப் புதுப் பலகை வாங்க வேண்டாம். லேப்டாப்பில் சத்தத்தை உருவாக்குகிற பியூர் டேட்டா என்ற மென்பொருளில் 'காம்போர்ட்' என்ற சேர்க்கையைப் போட்டு 115200 வேகத்தில் படித்தால் மூன்று பைட் வர கால் மில்லி செகண்டுதான் ஆகும்.

இனி உறுமி. இது அடியைப் பதிவு செய்கிற வேலையே இல்லை. வளைந்த குச்சி தோலில் உராயும்போது வருகிற நடுக்கம்தான் சத்தம். பதிவு செய்த 'ஊம்' ஒன்றை பட்டனில் போட்டால் உறுமி தெரிந்த பிள்ளை ஒரே நிமிடத்தில் கைவிட்டுவிடும். உராய்வையே சத்தமாக எடுங்கள். சின்ன வளையத்தில் ரெக்ஸின் இழுத்துக் கட்டி, அடியில் பியெஸோ ஒட்டி, அதை ஊனோவுக்கு அனுப்பாமல் சவுண்ட் கார்டின் மைக் நுழைவுக்கு அனுப்புங்கள். பியூர் டேட்டாவில் 'விசிஎஃப்' வடிகட்டி வழியே விட்டால் தேய்க்கிற வேகமும் அழுத்தமும் தானாகவே சத்தத்தில் வரும், கை நின்றால் சத்தமும் நிற்கும். சுருதி ஏறி இறங்க மறுகைக்கு ஒரு அழுத்த உணரி, எஃப்எஸ்ஆர்402. 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. அழுத்த அழுத்த வடிகட்டியின் அதிர்வெண் 80-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை ஏறட்டும். தோலை அழுத்திப் பிடித்துச் சுருதி ஏற்றுகிற பழக்கம் கைக்கு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பியெஸோவை நேராக மைக் நுழைவில் மாட்டினால் தகர டப்பா சத்தம்தான் வரும். தகட்டின் கொள்ளளவு 20 நானோஃபாரட் அளவு, மைக் நுழைவு 2 கிலோ ஓம் என்றால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். உறுமிக்கு வேண்டியதோ அந்தக் கீழ்ச்சத்தம்தான். நடுவில் டிஎல்072 என்ற ஆம்ப் சிப் ஒன்றை 1 மெகா ஓம் நுழைவோடு, 9 வோல்ட் பேட்டரியில் போடுங்கள்.

செம்பனை_மேடு:

மிக்க நன்றி அண்ணே. உறுமிக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். எட்டுக் குழி என்றால் ஆதி தாளத்துக்குச் சரி. மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கைக்கு என்ன செய்வது? அப்புறம், எந்தச் சத்தம் தன்னுடையது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே. நாலும் ஒரே ஸ்பீக்கரில் வந்தால் குழம்பிவிடும்.

நடுவட்டம்:

இந்த இரண்டு சந்தேகமும் உங்கள் நாலாவது கேள்வியும் ஒன்றுதான், சேர்த்தே சொல்கிறேன்.

ஏழுக்குத் தென்முனையைப் பயன்படுத்துங்கள். வடக்கு வில்லை என்றால் சத்தம், தெற்கு வில்லை என்றால் 'இங்கே முடிந்தது, முதலுக்குத் திரும்பு'. அதற்குச் சிவப்பு அடியுங்கள். எட்டாவது குழியில் சிவப்பு வைத்தால் ஏழு, ஏழாவதில் வைத்தால் ஆறு. நாலு பேரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும், ஆனால் ஒவ்வொருவர் வட்டமும் வேறு நீளம் இருக்கலாம். ஒருவர் ஏழு, எதிரில் இருப்பவர் எட்டு என்றால் 56 எண்ணிக்கைக்கு ஒருமுறை இருவரும் முதல் குழியில் சேருவார்கள். குழிக்கொரு விளக்கு வைத்து, அந்த இடத்தில் எல்லா விளக்கும் ஒருமுறை பளிச்சிடட்டும். பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்கத் தொடங்குவார்கள். காத்திருக்கிறவர் பிறர் வாசிப்பதைக் கேட்கிறார். கூட்டு இசைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கயிறு இல்லை.

'ஒருவனே பிடித்துக்கொள்ளாமல்' என்பதற்குப் பலர் உடனே செய்வது சராசரி: நாலு பேருக்கும் வேகக் குமிழ், நாலின் சராசரி தாளத்தின் வேகம். செய்யாதீர்கள். யார் திருப்பினாலும் கால்பங்குதான் மாறும். தன் கை பட்டு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஐந்து நிமிடத்தில் நாலு பேரும் குமிழை விட்டுவிடுவார்கள்.

வேறு வழி, ஒரு சத்தத்தை இரண்டு கைக்குப் பிரிப்பது. 1951-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 12 ரேடியோவுக்கு 24 பேரை உட்கார வைத்தார். ஒருவர் நிலையம் மாற்றுவார், மற்றவர் ஒலியளவைப் பார்ப்பார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கில் வைன்பெர்க் குழுவின் பீட்பக் கருவிகளில் ஒரு பிள்ளை தட்டிய தாளம் அடுத்த பிள்ளையின் கைக்குப் போகும், அந்தப் பிள்ளை அதை வளைத்து மாற்றும். ரியாக்டேபிளிலும் ஒருவர் வைத்த வடிகட்டி, பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் சத்தத்தோடு தானாகவே இணைந்துகொள்ளும். மூன்றிலும் என் சத்தத்தில் இன்னொருவர் கை இருக்கிறது.

உங்கள் மேசையில் அதைச் செய்ய ஆளுக்கொரு நெட்டுத் தள்ளி, 10 கிலோ ஓம் ஸ்லைடர், போதும். என் தாளத்தை என் குழி தீர்மானிக்கும். என் ஸ்லைடரோ என் வலப்பக்கத்து ஆளின் சத்தத்தை மாற்றும், கூர்மையா மொத்தையா என்று. ஒலியளவைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் முதல் நாளே ஒருவர் மற்றவரை ஊமையாக்குவார், சண்டை வரும். வடிகட்டியின் அதிர்வெண்ணை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் கட்டுங்கள், எவ்வளவு மூடினாலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உறுமிக்கு மட்டும் இதைப் போடாமல் எதிரொலியின் அளவைக் கொடுங்கள், அதன் உயிர் கீழ்ச்சத்தத்தில் இருக்கிறது. முதல் ஊனோவில் மல்டிபிளெக்ஸருக்குப் போக நாலு அனலாக் கால் மிச்சம், ஸ்லைடர் நாலுக்கும் அது சரியாகப் போகும்.

தாளத்தின் வேகத்துக்கு ஒரே குமிழ், மேசையின் நட்ட நடுவில். யாருக்கும் பக்கத்தில் இல்லாமல், எல்லாரும் பார்க்கிற இடத்தில். மேசையும் வட்டமாகவே இருக்கட்டும், சதுரத்தில் ஏதாவது ஒரு பக்கம் 'தலைப்பக்கம்' ஆகிவிடும்.

தன் சத்தம் தெரிய, முதலில் சத்தங்களையே பிரித்துக் கொடுங்கள். உறுமி கீழே, தப்பு நடுவே, ஜால்ரா மேலே, நாலாமவருக்கு மோகனத்தின் ஐந்து சுரம். மோகனத்தில் எந்த இரண்டு சுரம் சேர்ந்தாலும் காது கூசாது. பிறகு ஸ்பீக்கர்: ஆளுக்கொன்று, அவரவர் பக்கம் பார்த்து. அதற்கு யூஎஸ்பி ஸ்டீரியோ கார்டு இரண்டு வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம், கொஞ்ச நேரத்தில் விலகிப்போய் டிக் டிக் என்று கேட்கும். எட்டு வெளியீடும் உண்மையாகவே உள்ள யூஎஸ்பி 7.1 சவுண்ட் கார்டு ஒன்று வாங்கினால் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடும்.

ஈயப்பற்று:

நடுவட்டம் சொன்ன விளக்கில் ஒரு சிக்கல் வரும். 32 டபிள்யூஎஸ்2812 எல்இடி விளக்கைப் புதுப்பிக்க ஊனோவுக்கு 1 மில்லி செகண்டு. அந்த நேரம் முழுவதும் அது சீரியலைக் கவனிக்காது. 115200 வேகத்தில் 0.087 மில்லி செகண்டுக்கு ஒரு பைட் வரும், இரண்டுக்கு மேல் வந்தால் தொலைந்துபோகும். அதனால் பியூர் டேட்டா ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் இரண்டே பைட் அனுப்பட்டும். ஒரு வட்டத்தின் இடத்துக்கு மூன்று பிட் போதும், ஒரு பைட்டில் இரண்டு வட்டம் அடங்கும். எண்ணுகிற வேலையை பியூர் டேட்டாவே வைத்துக்கொள்ளட்டும், ஊனோவும் தனியாக எண்ணினால் இரண்டும் ஒருநாள் மாறிப்போகும்.

மின்சாரம்: 32 சென்சாருக்கு 200 மில்லி ஆம்பியர் அளவு, யூஎஸ்பியில் தாங்கும். விளக்கு எல்லாம் வெள்ளையாக முழு வெளிச்சத்தில் எரிந்தால் 1.9 ஆம்பியர், யூஎஸ்பி தாங்காது. விளக்குக்குத் தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர், வெளிச்சம் கால்பங்கு, கிரவுண்ட் மட்டும் ஊனோவோடு பொது. டேட்டா கம்பியில் 330 ஓம், விளக்கு வரிசையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட்.

லேப்டாப், மேசை, ஆம்ப் எல்லாம் ஒரே நீட்டிப் பலகையில், எர்த் உள்ள மூன்று பின்னில் மாட்டுங்கள். தனித்தனி சாக்கெட்டில் மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் முனகல் வரும், உறுமியின் பியெஸோ அதைப் பெரிதாக்கிக் காட்டும். வகுப்பு முடிந்ததும் பிளக்கைக் கழற்றியே வையுங்கள், சுவிட்சை மட்டும் அடைத்தால் நம்ம ஊர் இடிக்குப் போதாது.

ஜம்பர் கம்பிகளை அப்படியே விட்டால் அடிக்கிற அதிர்வில் இரண்டு வாரத்தில் கழன்றுகொள்ளும். சால்டர் பண்ணுங்கள், ஊனோவுக்குப் போகிற இடத்தில் சூடான பசை ஒரு சொட்டு வையுங்கள்.

செம்பனை_மேடு:

எழுதி வைத்துக்கொண்டேன். நாலு பக்கமும் ஒரேயடியாகச் செய்யாமல், எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும், 16 குழியோடு தொடங்கலாமா என்று பார்க்கிறோம். ஒரு மல்டிபிளெக்ஸரில் அடங்கிவிடுமே.

ஈயப்பற்று:

தாராளமாக. ஆனால் பலகையில் 32 குழியையும் இப்போதே குடைந்துவிடுங்கள், பிறகு சென்சார் ஒட்டிய பலகையில் துளைபிட் வைக்க முடியாது.

இன்னொன்று விட்டுப்போயிற்று. பலரும் ஊனோவை ஆன் செய்தவுடன் அப்போதைய அளவை 'காலி' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதுவார்கள். வில்லைகள் குழியிலேயே இருக்கும்போது யாராவது ஆன் செய்தால் அந்தக் குழிகள் 'காலி' ஆகும், எடுத்த பிறகு 'தெற்கு' ஆகிவிடும், தாளம் இல்லாத இடத்தில் எல்லாம் அறுபடும். காலி அளவை ஊனோவின் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) சேமித்து வையுங்கள். மேசைக்கு அடியில் ஒரு பட்டன் வைத்து, எல்லா வில்லையையும் எடுத்துவிட்டு அதை மூன்று நொடி அழுத்தினால் மட்டும் புதிதாக அளக்கட்டும்.

வளைகுச்சி:

அந்த இரண்டு பக்கத்தில் ஒன்று உறுமியாக இருக்கட்டும். ரெக்ஸின் இறுக்கம், ஃபோம் தடிப்பு எல்லாம் கை வைத்துப் பார்த்துத்தான் படியும், ஆக நேரம் எடுக்கிற வேலை அதுதான். ரெக்ஸினின் வழவழப்பு மேலே இருந்தால் குச்சி வழுக்கும், உள்பக்கத் துணியை மேலே திருப்பிக் கட்டிப் பாருங்கள்.